கொலனோஸ்கோபியில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள், பயாப்சியில் கொலாஜனஸ் கொலைட்டிஸ் என்று வந்தது: மாத்திரையை நிறுத்தியதும் பேதி திரும்பியது ஏன்?

நிழல்மரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 58. ஓராண்டுக்கும் மேலாக வயிற்றுப்போக்கு இருக்கிறது. இரத்தம் இல்லை, சளி இல்லை, காய்ச்சலும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டாற்போல வெறும் தண்ணீராகப் போகிறது. பகலில் ஏழெட்டு முறை போகும். இரவிலும் இரண்டு மூன்று முறை தூக்கம் கலைந்து ஓட வேண்டியிருக்கும். எடை 6 கிலோ குறைந்துவிட்டது.

முதலில் பார்த்த மருத்துவர் மலப் பரிசோதனையும், பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியும் செய்தார். எடுத்த படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி, "பாருங்கள், புண் இல்லை, கட்டி இல்லை, உங்கள் குடலில் நோயே கிடையாது, கவலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். சீட்டில் ஐபிஎஸ் (எரிச்சலுறு குடல் கோளாறு) என்று எழுதப்பட்டது. கவலையால் பேதி வருகிறதா, பேதியால் கவலை வருகிறதா என்று திருப்பிக் கேட்க அன்று எனக்குத் தெம்பில்லை.

ஓராண்டு கழித்துப் பார்த்த வேறொரு மருத்துவர், "இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா?" என்பதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டார். ஆம் என்றதும் பழைய அறிக்கையைப் புரட்டிப் பார்த்து, அப்போது பயாப்சி (சோதனைக்கான திசுத் துண்டு) எடுக்கப்படவே இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். மறுபடியும் கொலனோஸ்கோபி செய்தபோது குடற்சுவர் பார்வைக்கு முன்போலவே நன்றாக இருந்தது. ஆனால் பயாப்சியில் கொலாஜனஸ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி இருப்பதாக வந்தது. புடெசோனைடு என்னும் ஸ்டீராய்டு மாத்திரை 9 மி.கி. தினமும் காலையில் ஒரு வேளை, எட்டு வாரங்களுக்குக் கொடுத்தார். பத்தாம் நாளே கட்டியான மலம் போயிற்று. அன்று நான் அழுதுவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எட்டு வாரம் முடிந்து மாத்திரையை நிறுத்திய மூன்றாவது வாரத்தில் எல்லாம் பழையபடி தொடங்கிவிட்டது.

மருந்து தோற்றுவிட்டதா? நோயைத் தவறாகக் கணித்துவிட்டார்களா? இனி ஆயுள் முழுவதும் ஸ்டீராய்டுதானா? மருத்துவரைப் பார்க்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் இந்த நோய் என்ன என்பதையாவது சரியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கண்ணாடித்தட்டு

நான் நோய்க்கூற்று ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகத் திசு வெட்டும் வேலையில் இருப்பவன். கணிப்பு தவறாக இருக்குமோ என்ற ஐயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மருந்தைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

உங்கள் குடலிலிருந்து எடுத்த துண்டு அரிசியின் உடைந்த குருணை அளவில்தான் ஃபார்மலினில் மிதந்து எங்களிடம் வந்து சேரும். அதை மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைக்கும்போதுதான் இந்த நோய் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. குடற்சுவரின் மேல்வரிசைச் செல்களுக்கு அடியில் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் மெல்லிய கோடாக எல்லோருக்குமே இருக்கும். அந்தக் கோடு 10 மைக்ரானுக்கு மேல் தடித்து, கூடவே அழற்சிச் செல்களும் பெருகியிருந்தால் அது கொலாஜனஸ் கொலைட்டிஸ். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், கொலனோஸ்கோபிக் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைக் காட்டாது என்பது விளங்கும். டிரைக்ரோம் சாயத்தில் அந்தப் பட்டை நீல நிறத்தில் எழுந்து நிற்கும். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கோடு தடிக்காமல், மேல்வரிசைச் செல்கள் 100-க்கு 20-க்கும் மேற்பட்ட லிம்போசைட்டுகள் (ஒருவகை வெள்ளணுக்கள்) இடையில் புகுந்திருந்தால் அது லிம்போசைட்டிக் கொலைட்டிஸ். இரண்டும் சேர்ந்துதான் மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ் எனப்படுகின்றன. இரண்டுக்கும் அறிகுறிகள் ஒன்றே, மருத்துவமும் ஏறத்தாழ ஒன்றே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பட்டை குடல் முழுவதும் ஒரே சீராகப் படர்ந்திருப்பதில்லை. மலக்குடலிலிருந்து மட்டும் துண்டு எடுத்தால் தப்பிவிடக்கூடும். ஆகவேதான் பெருங்குடலின் வலப்பக்கத்திலிருந்தும் இடப்பக்கத்திலிருந்தும் தனித்தனியாக எடுத்து, தனித்தனிப் புட்டிகளில் அனுப்ப வேண்டும். "பார்க்க நன்றாக இருந்தது, அதனால் எடுக்கவில்லை" என்பது, நாள்பட்ட நீர்ப்பேதி உள்ளவர் விஷயத்தில், பரிசோதனையைப் பாதியில் நிறுத்தியதற்குச் சமம் என்பது என் கருத்து.

தன்வழி

நிழல்மரம் அவர்களே, என் அனுபவத்தைச் சொல்கிறேன். எனக்கும் லிம்போசைட்டிக் கொலைட்டிஸ் என்றார்கள். நான் ஸ்டீராய்டைத் தொடவே இல்லை. பால், காபி, மது, செயற்கை இனிப்பு எல்லாவற்றையும் விட்டேன். நான்கு மாதத்தில் தானாகவே நின்றது. குடல் என்பது நாம் உள்ளே அனுப்புவதற்கு எதிர்வினை காட்டும் உறுப்பு. உணவைச் சரிசெய்யாமல் மாத்திரையால் அடக்கினால், நிறுத்தியதும் திரும்பத்தான் செய்யும். உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

பதினோராம் ஆண்டு

எனக்கு இந்த நோய் வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. மூன்று முறை திரும்பி வந்திருக்கிறது. தன்வழி அவர்கள் குணமானதில் மகிழ்ச்சி. ஆனால் அவர் சொல்லும் காரணம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. இந்த நோய் சிலருக்கு எதுவும் செய்யாமலேயே அடங்கிவிடும். லிம்போசைட்டிக் வகையில் அது பலருக்கு நடக்கிறது. உணவை மாற்றிய காலமும் நோய் தானாக அடங்கிய காலமும் ஒன்றாக அமைந்துவிட்டால் எது எதனால் என்று எவராலும் சொல்ல முடியாது. காபியும் பாலும் சர்பிட்டால் சேர்ந்த இனிப்புகளும் பேதியைக் கூட்டும் என்பது உண்மை, அவற்றைக் குறைப்பது நல்லது. ஆனால் அவை கொலாஜன் பட்டையை உண்டாக்குவதில்லை.

பேதி ஏன் தண்ணீராகப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மனம் அடங்கியது, ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நாம் குடிப்பதும், எச்சிலிலிருந்து குடற்சாறு வரை உடலே சுரப்பதும் சேர்ந்து ஒரு நாளைக்கு 8 முதல் 9 லிட்டர் நீர் குடலுக்குள் வருகிறது. சிறுகுடல் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு ஏறத்தாழ ஒன்றரை லிட்டரைப் பெருங்குடலுக்கு அனுப்ப, பெருங்குடல் அதையும் வற்ற உறிஞ்சி 100 அல்லது 200 மில்லி லிட்டரை மட்டும் மலத்தோடு விடுகிறது. பெருங்குடல் உப்பை உள்ளே இழுக்கும். உப்பின் பின்னால் நீர் தானாக வரும். நம் நோயில் அழற்சியால் அந்த உப்பிழுக்கும் வேலை தளர்ந்துபோகிறது, போதாக்குறைக்குக் குளோரைடு எதிர்த்திசையில் வெளியே சுரக்கிறது. புண்ணே இல்லாத குடலிலிருந்து இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் ஓராண்டு குழம்பியிருந்தேன். பெரும்பகுதி புதிதாக வந்ததில்லை, வழக்கமாகத் திரும்பி உடலுக்குள் போக வேண்டியதுதான் போகாமல் நிற்கிறது. பட்டினி கிடந்தாலும் எனக்குப் பேதி முழுதாக நிற்காததற்குக் காரணம் இதுதான் என்று என் மருத்துவர் விளக்கினார். உணவுதான் முழுக் காரணம் என்பவர்களுக்கு நான் இதைத்தான் பதிலாகச் சொல்வேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மருந்து தோற்கவில்லை. புடெசோனைடு பத்தில் எட்டுப் பேருக்குக் கேட்கிறது. நிறுத்திய பிறகு பாதிக்கும் மேற்பட்டோருக்குத் திரும்பி வருகிறது. இரண்டும் ஒரே மருந்தைப் பற்றிய உண்மைகள். பத்து நாளில் உங்களுக்குக் கேட்டது கணிப்பு சரி என்பதற்குச் சாதகமான அடையாளமே. திரும்பி வந்தால் மீண்டும் 9 மி.கி.யில் தொடங்கி, அடங்கிய பின் எந்த அளவுக்குக் கீழே போனால் பேதி தலைதூக்குகிறதோ அதற்குச் சற்று மேலே நிறுத்திவைப்பதுதான் வழக்கம். பலருக்கு 3 அல்லது 6 மி.கி. போதுமாகிறது. நான் இப்போது ஒரு நாள் 3, மறுநாள் 6 என்று மாற்றி மாற்றி எடுக்கிறேன்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுவது இயல்பு. ஆனால் பிரெட்னிசோலோன் போன்ற வழக்கமான ஸ்டீராய்டுகளைப் போல இது உடல் முழுவதும் சுற்றுவதில்லை. மாத்திரையின் மேலுறை குடலில்தான் கரைகிறது. அங்கே வேலையை முடித்து இரத்தத்தில் கலந்ததில் சுமார் 90 விழுக்காட்டைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுகிறது. மீதிப் பத்து விழுக்காடு சுழி ஆகிவிடாது என்பதால், ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் எலும்பு அடர்த்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரேப்ஃப்ரூட் பழச்சாறும் கீட்டோகோனசோல் போன்ற சில பூஞ்சை மருந்துகளும் கல்லீரலின் அந்தச் சிதைக்கும் வேலையைத் தடுத்து, மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும், அவற்றைத் தவிருங்கள்.

மருத்துவரைப் பார்க்கும் முன் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஒரு வாரம், ஒவ்வொரு நாளும், மொத்தம் எத்தனை முறை, அவற்றில் எத்தனை தண்ணீர் என்று இரண்டே எண்களைக் குறித்து வையுங்கள். ஒரு வாரச் சராசரியில் நாளுக்கு மூன்று முறைக்குக் குறைவாகவும், நீர்மலம் ஒன்றுக்குக் குறைவாகவும் இருந்தால்தான் நோய் அடங்கியிருக்கிறது என்று பொருள். ஹ்யோர்ட்ஸ்வாங் அளவுகோல் என்று அதற்குப் பெயர். "பரவாயில்லை", "கொஞ்சம் மோசம்" என்று சொல்வதைவிட இந்த இரண்டு எண்கள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். மேலும், நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் இங்கே எழுத முடியுமா?

நிழல்மரம்

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. பட்டியல் இதோ: நெஞ்செரிச்சலுக்கு லான்சோபிரசோல் தினமும், சுமார் இரண்டு ஆண்டுகளாக. முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபென், வாரத்தில் நான்கைந்து நாள். தைராய்டுக்குத் தைராக்சின். புகைப்பழக்கம் இல்லை. எழுதும்போதுதான் கவனிக்கிறேன்: லான்சோபிரசோல் தொடங்கி ஏழெட்டு மாதத்தில் பேதி தொடங்கியிருக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? இன்றே நிறுத்திவிடலாமா?

மருந்துமேசை

மருந்தாளுநராக இருக்கிறேன். தொடர்பு இருக்கக்கூடும், ஆனால் இன்றே நிறுத்திவிடாதீர்கள்.

மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ் உள்ளவர்களிடம் சில மருந்துகள் மற்றவர்களிடம் காண்பதைவிட அடிக்கடி தென்படுகின்றன: அமிலம் குறைக்கும் மருந்துகள், அவற்றில் குறிப்பாக லான்சோபிரசோல், இபுப்ரோஃபென் போன்ற வலி நிவாரணிகள், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள். உங்கள் பட்டியலில் இவற்றில் இரண்டு இருக்கின்றன. லான்சோபிரசோல் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதைப் பொறுத்துத்தான் அதை நிறுத்துவதா, வேறொன்றாக மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும். வலி நிவாரணியால் வயிற்றில் புண் வராமலிருக்கவே அதைக் கொடுத்திருந்தால், வலி நிவாரணியை வைத்துக்கொண்டு இதை மட்டும் நிறுத்துவது ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் அமிலம் சில வாரங்களுக்கு முன்பைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்செரிச்சல் கூடவும் செய்யும். இதைப் படிக்கும் வேறு யாராவது செர்ட்ரலின் எடுத்துக்கொண்டிருந்தால், அதையும் தாமாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு ஓல்மெசார்ட்டன் எடுப்பவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்; அது சிறுகுடலைப் பாதித்துக் கடும் பேதி உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2013-ல் எச்சரித்திருக்கிறது.

லோப்பரமைடு பற்றி யாரும் பேசவில்லை. அது அழற்சியைத் தொடாது. குடலின் ஓட்டத்தை மெதுவாக்கி எண்ணிக்கையை மட்டும் குறைக்கும். பயணத்துக்கு முன், கூட்டத்துக்கு முன், உறங்கும் முன் எடுத்தால் பெரிய உதவி. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிறதே என்று அளவை மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். உறையில் போட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம்.

புடெசோனைடு எடுத்தும் பேதி நிற்காதவர்களுக்குப் பித்த அமிலம் காரணமாக இருக்கலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதி திரும்ப உறிஞ்ச வேண்டிய பித்த அமிலம் பெருங்குடலுக்குள் கசிந்தால் அதுவே நீரைச் சுரக்க வைக்கும். இந்த நோயோடு அது சேர்ந்தே இருப்பது அரிதன்று. அதற்குக் கொலெஸ்டிரமின் பொடி கொடுப்பார்கள். அந்தப் பொடி பித்த அமிலத்தை மட்டுமன்றி அருகிலிருக்கும் மற்ற மருந்துகளையும் பற்றிக்கொள்ளும். ஆகவே உங்கள் தைராக்சினைப் பொடிக்கு நான்கு மணி நேரமாவது முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்போதான் எடுக்க வேண்டியிருக்கும். மெசலசின் என்னும் மருந்து புண்ணுள்ள பெருங்குடல் அழற்சிக்கு நன்றாகக் கேட்பதால் இதற்கும் சிலர் எழுதிக்கொடுக்கிறார்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இந்த நோய்க்கு அதைப் பரிந்துரைப்பதில்லை.

மூத்த மகள்

என் அம்மாவுக்கு 74 வயது. அவருக்கு இந்த நோய் என்று தெரிவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. திருமணம், துக்கம் எதற்கும் வரமாட்டார். கேட்டால் மூட்டுவலி என்பார். ஒருநாள் அவருடைய படுக்கை விரிப்பை அவரே விடியுமுன் துவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அடக்க முடியாமல் படுக்கையிலேயே போய்விடுவதை மருத்துவரிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. "அடிக்கடி போகிறது" என்று மட்டும் சொன்னார். மருத்துவரும் "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிட்டார்.

நோயாளிகளுடன் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் கேள்வியை நீங்களே மருத்துவர் முன்னிலையில் மெதுவாக எடுத்துக்கொடுங்கள். இரவில் போவதும் அடக்க முடியாமல் போவதும் கணிப்பையே மாற்றும் தகவல்கள். நடைமுறையில் எங்களுக்கு உதவியவை மிகச் சாதாரணமானவை. மெத்தைக்கு நீர்புகா விரிப்பு, கழிவறைக்குப் போகும் வழியில் அணையாத சிறு விளக்கு, இழுத்தவுடன் இறங்கும் இடுப்புப்பட்டி உள்ள உடை, கைப்பையில் மாற்றுடையும் ஒரு காலிப் பையும். தோல் வெந்துபோகாமலிருக்கத் துடைப்பதற்குப் பதில் தண்ணீரால் கழுவி, ஒற்றி எடுத்து, துத்தநாகக் களிம்பு தடவினோம்.

முதியவர்களுக்கு நீர் வற்றுவது விரைவில் ஆபத்தாகும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இல்லாத நாளில், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலை தட்டி அளந்து கரைத்துக் கொடுப்பேன். உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவார். கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

தன்வழி

நான் சொன்னதை ஓரளவு திருத்திக்கொள்கிறேன். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். உணவை மாற்றிய அதே மாதத்தில் மருத்துவர் என் வலி மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறார். அதை நான் மறந்தே போனேன். ஆனாலும் உணவைப் பற்றி ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: கோதுமையை விட்டதும் சிலருக்கு நிற்கிறதே, அது எப்படி?

பதினோராம் ஆண்டு

கோப்பைத் தேடி எடுத்து வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. கோதுமைக் கேள்வி நியாயமானது. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸும் சேர்ந்து வருவது மற்றவர்களைவிட அதிகம். அவர்களுக்குக் கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் சிறுகுடலையே சிதைக்கும். ஆகவே இந்த நோய் என்று தெரிந்த எல்லோரும் சீலியாக்குக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. அதைச் செய்து முடிக்கும் வரை கோதுமையை விடாதீர்கள். முன்கூட்டியே விட்டுவிட்டால் இரத்தத்தில் உள்ள அடையாளம் மறைந்து, இருக்கும் நோய் இல்லை என்று வந்துவிடும். பரிசோதனையில் சீலியாக் இல்லை என்று உறுதியானால், இந்த நோய்க்காக மட்டும் ஆயுள் முழுவதும் குளூட்டனை விலக்க வேண்டியதில்லை.

நிழல்மரம் அவர்களுக்கு இன்னொரு ஆறுதல்: இந்த நோயால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் கூடுவதில்லை. ஆனால் இரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ அதை இந்த நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அது வேறு ஏதோ ஒன்று, உடனே காட்ட வேண்டும்.

கண்ணாடித்தட்டு

ஒரு சிறு குறிப்பு. மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் ஒரு புரதம்) அளவு இயல்பாக இருந்ததால் அழற்சியே இல்லை என்று சொல்லப்பட்டதாக இருவர் தனிமடலில் எழுதியிருந்தனர். குரோன் என்னும் குடல் அழற்சி நோயிலும் புண்ணுள்ள பெருங்குடல் அழற்சியிலும் அந்தப் பரிசோதனை மிகவும் பயன்படும். இந்த நோயில் அது இயல்பாகவும் இருக்கலாம், கூடியும் இருக்கலாம். அதை வைத்து இதை விலக்க முடியாது. பயாப்சி ஒன்றுதான் வழி.

நிழல்மரம்

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். மருத்துவரிடம் ஒரு வாரத் தாளைக் கொடுத்தேன்: சராசரி ஒன்பது முறை, அதில் எட்டு தண்ணீர். அவர் வேறெதுவும் கேட்காமல் 9 மி.கி.யை மறுபடி தொடங்கினார். லான்சோபிரசோலை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, நெஞ்செரிச்சலுக்கு ஃபமோட்டிடின் மாற்றிக் கொடுத்தார். இபுப்ரோஃபென் நின்றது; முழங்காலுக்குப் பாரசிட்டமாலும் பயிற்சியும்தான், வலி முழுதாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீலியாக் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. எலும்பு அடர்த்தி வயதுக்கேற்றபடி இருக்கிறது.

எட்டாம் வாரத்துக்குப் பிறகு 6-க்கும், அதன்பின் 3-க்கும் இறங்கினேன். 3-ல் இருந்தபோது ஒரு வாரம் இரண்டு நாள் தண்ணீராகப் போனது. பதறி அளவைக் கூட்டாமல் எண்களைக் குறித்துக்கொண்டே காத்திருந்தேன், மூன்றாம் நாள் தானாக அடங்கியது. மருத்துவர் இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் 3 மி.கி. என்று முயன்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதற்கும் கீழே இறங்க முடியுமா என்பது அடுத்த மாதம் தெரியும்.

இந்த வாரத் தாளை இங்கே எழுதுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படலாம். திங்கள் 2, நீர் 0. செவ்வாய் 1, நீர் 0. புதன் 3, நீர் 1. அன்று காபி குடித்தேன். வியாழன் 2, நீர் 0. வெள்ளி 2, நீர் 0. சனி 1, நீர் 0. ஞாயிறு 2, நீர் 0. இரவுக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தேன். ஆறு வாரமாக அதில் எழுத ஒன்றுமில்லாததால் புதிய தாளில் அதை வரையவில்லை.